பத்தாவது ஆள்

மார்ச் 4

"சாப்டியா" என்ற கேள்விக்கு அடுத்த இடத்தை இப்போது "இன்சூரன்ஸ் போட்டியா" பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமாவின் பையன், என்னைப் போலவே வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவன், மாடிப்படியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டானாம். கட்டுப் போட்ட காலின் போட்டோ தெரு முழுக்கப் போய்விட்டது. அம்மா எனக்கும் அனுப்பினாள். கால் மட்டும்தான் தெரிகிறது. அவன் காலா என்றுகூடச் சொல்ல முடியாது.

"இன்ஸ்டிட்யூட்லயே போட்டிருக்காங்கம்மா. மாசாமாசம் சம்பளத்துல பிடிக்கறாங்க."

"அவங்க போட்டா அது அவங்களுக்குடா. உனக்குன்னு ஒண்ணு போட்டுக்க."

அம்மாவுக்கு எல்லாமே எவர்சில்வர் பாத்திரம். பேர் வெட்டியிருந்தால்தான் நம்முடையது.

சிரித்துவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகு உட்கார்ந்து திட்டத்தை முழுசாகப் படித்தேன். இங்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற பதினொரு வாத்தியார்களுக்கும் ஒரே பிடித்தம். எனக்கு வயது இருபத்தாறு, கடைசியாகக் காய்ச்சல் வந்தது காலேஜில். ஐம்பதைத் தாண்டிய இலக்கண சாருக்குப் பிடிப்பதையே எனக்கும் பிடிக்கிறார்கள். புது மோட்டாருக்கும் புகைகிற மோட்டாருக்கும் ஒரே பராமரிப்புச் செலவா? இது என்ன கணக்கு?

மார்ச் 6

தனியாக எடுத்தால் ஏறக்குறைய பாதிதான். இத்தனை நாள் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். இங்கிலீஷ் வாத்தியார்களுக்கு எண் என்றாலே அலர்ஜி. இன்ஜினியரிங் படித்துவிட்டு இங்கே வந்தவன் நான் ஒருவன்தான்.

மார்ச் 7

ஸ்டாஃப் ரூம் போர்டில் கிராஃப் போட்டுக் காட்டினேன். கீழே வயது, மேலே செலவு. முப்பதுக்குக் கீழே இருப்பவர்கள் மற்றவர்களைத் தூக்கிச் சுமக்கிறார்கள் என்பது கண்ணால் பார்த்தாலே தெரிகிறது. என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் வாத்தியார், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவன், வாயைப் பிளந்து பார்த்தான். இங்கிலீஷைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளப் பயிற்சி கொடுக்கும் சுருட்டைமுடிக்காரன் போட்டோ எடுத்துக்கொண்டான். இலக்கண சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுல நான் எங்கப்பா இருக்கேன்?" என்றார். மேலே, கோடு செங்குத்தாக ஏறுகிற இடத்தைக் காட்டினேன். "நல்ல உயரம்" என்றார்.

உச்சரிப்பு வகுப்பு எடுக்கும் அக்கா மட்டும் பொறுமை இழந்து நின்றார்.

"டேய் இன்ஜினியரே, பொழிப்புரை போதும், போர்டை அழி. எனக்குப் பாடம் எழுதணும்."

அவர் குரல் ஒரு மாதமாகவே கரகரவென்று இருக்கிறது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லையாம். "முதல்ல உங்க குரலுக்கு கிரீஸ் வைங்கக்கா, டீசல் ஜெனரேட்டர் மாதிரி இருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பில் பாதி சத்தம் வரவில்லை.

மார்ச் 11

குழு இன்சூரன்சிலிருந்து விலகுவதற்குக் கையெழுத்துப் போட மேனேஜரிடம் போனேன். நம் ஆள்தான், ஆனால் எதையும் நேராகச் சொல்லமாட்டார். இன்று சொன்னார்.

"உன்னோட பதினொண்ணு. நீ போனா பத்து. பத்துக்குக் கீழ இறங்கினா கம்பெனிக்காரன் திட்டத்தையே தூக்கிடுவான். போறவன் சத்தமில்லாம போ. வேற யாரையும் கிளப்பி விடாத."

"ஒருத்தர் ரெண்டு பேர் போனாலே விழுதுன்னா டிசைன்தான் சார் தப்பு."

"டிசைன்" என்று சொல்லிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

மார்ச் 13

மச்சானுக்கும் சுருட்டைக்கும் நானே என் லேப்டாப்பில் தனி இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தேன். கால் மணி நேர வேலை. டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

மார்ச் 21

மேனேஜர் இடைவேளையில் வந்து சொன்னார்: எட்டுப் பேர்தான் மிச்சம், குழு இன்சூரன்ஸ் இந்த மாதக் கடைசியோடு நிற்கிறது, அவரவர் தனியாகப் பார்த்துக்கொள்ளவும். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருந்ததே திரும்பிய மாதிரி இருந்தது.

இலக்கண சார் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டார். அக்கா மட்டும், "மாசக் கடைசியோடயா? ஏப்ரல் கிடையாதா?" என்று கேட்டார். மேனேஜர் கிடையாது என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடி அதையே கேட்டார்.

என்ன பெரிய விஷயம்? வேறு திட்டம் எடுத்தால் ஆயிற்று. கடையில் நூறு இருக்கிறது.

மார்ச் 24

கடையில் நூறு இருக்கிறது என்று எழுதியவன் கையில் சூடு வைக்க வேண்டும்.

கடைசி வகுப்பு முடிந்ததும் அக்கா என் மேஜைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த விஷயத்துல நீதான் கெட்டிக்காரன். எனக்கும் ஒண்ணு பாத்துக் கொடு."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதையும் எழுத வேண்டும், பெருமையாகத்தான் இருந்தது. "ரெண்டு நிமிஷ வேலைக்கா. வயசு?"

"முப்பத்தி ஆறு. வெளிய சொல்லாத."

ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தேன். 'ஏற்கெனவே ஏதேனும் நோய் உண்டா' என்ற கேள்வி வந்தது. இல்லை என்று அழுத்தப் போனேன்.

"இரு" என்றார். பையிலிருந்து ஆஸ்பத்திரிக் கவரை எடுத்து மேஜையில் வைத்தார்.

தொண்டைக்குள், குரல் பிறக்கிற இடத்தில் ஒரு கட்டி. எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால்தான் என்ன கட்டி என்று தெரியும். ஏப்ரல் ஒன்பது ஆபரேஷன். குழு இன்சூரன்சிலிருந்து அனுமதிகூட வந்துவிட்டது. ஏப்ரலில் குழுவே இல்லை என்றால் அனுமதிக்கு என்ன அர்த்தம்? தேதியை முன்னால் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். டாக்டர் மாதக் கடைசி வரை விடுப்பில்.

"ஏசின்னு சொன்னீங்களேக்கா."

"உண்மையைச் சொன்னா போர்டுல கிராஃப் போடுவியே."

அந்தக் குரலில் கிண்டல் எது, களைப்பு எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஒரு கம்பெனி பாக்கியில்லாமல் பார்த்தோம். ஆம் என்று போட்டால் தொண்டைக்கு மட்டும் ஒரு வருஷம் தர மாட்டோம் என்கிறான் ஒருவன். இன்னொருவன் இரண்டு வருஷம். ஒருவன் மன்னிக்கவும் என்று பூப்படம் போட்டு அனுப்பினான். நான் பொறுக்காமல், "இல்லைன்னே போட்டுடலாமேக்கா, யாருக்குத் தெரியும்" என்றேன்.

"ஸ்கேன் எடுத்தவங்களுக்குத் தெரியும். பொய் சொல்லி மாட்டினா ஆபரேஷனும் போச்சு, வேலையும் போச்சு, விசாவும் போச்சு. அப்புறம் என் பொண்ணை நீ படிக்க வைப்பியா?"

"ஊருக்குப் போய்ப் பண்ணிக்கிட்டா?"

"போயிட்டு வந்தா என் வகுப்பு எனக்குக் காத்திருக்குமா? சத்தம் வராத உச்சரிப்பு டீச்சர்னு தெரிஞ்சாலே மேனேஜர் அடுத்த ஆளைத் தேடுவாரு."

கவரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். எழுந்துகொண்டே சொன்னார்: "சரி விடு. நீ என்ன பண்ணுவ பாவம்."

மார்ச் 25

நீ என்ன பண்ணுவ பாவம். — பண்ணினதே நான்தானே.

மார்ச் 28

மேனேஜர் சொன்னது எனக்கு மறந்துபோய் மச்சானுக்கும் சுருட்டைக்கும் போட்டுக் கொடுத்தேனா? இல்லை. நன்றாக ஞாபகம் இருந்தது. லேப்டாப்பைத் திறக்கும்போதே ஞாபகம் இருந்தது. பத்துக்குக் கீழே போகும், போகட்டுமே, அது மேனேஜர் தலைவலி என்று நினைத்தேன். அக்காவுக்கு நோய் இருப்பது தெரியாது, சரி. ஆனால் பதினொரு பேரில் யாருக்காவது ஏதாவது இருக்கும் என்பதுதானே என் கிராஃபே? அதைத்தானே கோடு போட்டுக் காட்டினேன்? மேலே ஏறுகிற கோட்டில் ஆள் இருப்பார் என்று மட்டும் தோன்றவில்லை.

அம்மா கேட்டாள், உன் பேர்ல போட்டுட்டியா என்று. போட்டுட்டேன் என்றேன். "இப்பத்தான் நிம்மதி" என்றாள்.

ஏப்ரல் 2

இன்சூரன்ஸ் ஏஜென்ட் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். துணி தைக்கிற கடைக்கு மேலே ஒரே அறை. மின்விசிறிக்குப் பறக்காமல் இருக்க எல்லாக் காகிதத்தின் மேலும் ஒரு நூல்கண்டு. இந்த ஊர்ப் பெண்மணி. பேசியது இங்கிலீஷில், என் தலையில் தமிழில்தான் தங்கியிருக்கிறது.

திட்டம் இன்னும் சாகவில்லை, மயங்கிக் கிடக்கிறது என்றார். இந்த மாதத்துக்குள் பத்துப் பேர் திரும்பச் சேர்ந்தால் அறுந்த இடமே தெரியாமல் தொடரும், பழைய அனுமதியும் உயிர் பெறும். மாதம் தாண்டினால் புதுத் திட்டம், புதுக் காத்திருப்பு. காகித வேலை முடியவே நாளாகும், அதனால் ஒன்பதாம் தேதி ஆபரேஷனுக்கு எப்படிப் பார்த்தாலும் வழியில்லை.

"யார் விலகியது?" என்று கேட்டார். சில பேர் என்றேன்.

எட்டுப் பேர் இருக்கிறார்கள். நான் ஒன்பது. இன்னும் ஒரே ஒரு ஆள்.

ஏப்ரல் 3

சுருட்டை வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போனில் "சாரிடா" என்றான். அவன் என்ன செய்வான்.

மச்சானிடம் கேட்டேன். சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"உன் பேச்சைக் கேட்டுதானே போட்டேன்? ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டினா சல்லிசுன்னு நீதானே கட்ட வெச்ச? மிச்சத்தைத் தங்கச்சி கல்யாணத்துக்கு அனுப்பிட்டேன். இப்ப உன் பேச்சைக் கேட்டு இன்னொண்ணும் கட்டணுமா?"

"அக்காவுக்காகடா."

"அக்காவுக்காகன்னா நீ போய் அவங்க கால்ல விழு. என்னை ஏன் தள்ற?"

சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க முடியவில்லை. காலில் விழுகிற விஷயத்தையும்.

ஏப்ரல் 7

மேனேஜரிடம் போய் இன்ஸ்டிட்யூட் வண்டி ஓட்டும் அண்ணனைக் குழுவில் சேர்க்கச் சொன்னேன். காலையில் ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸுகளை ஏற்றிவந்து வகுப்பில் விட்டு, சாயங்காலம் ஹோட்டல் ஆட்களைக் கொண்டுவிடுகிற மனிதர். என்னைவிட இந்த இன்ஸ்டிட்யூட்டில் சீனியர்.

"அவர் ஸ்டாஃப் இல்லப்பா. ட்ரிப்புக்கு வர்றவரு."

"வண்டி நம்முது, பெட்ரோல் நம்முது, வண்டிமேல இருக்கிற பேரும் நம்முது. ஓட்டுறவர் மட்டும் யாருது சார்?"

"இன்னிக்கு டிரைவர், நாளைக்கு கூட்டிப் பெருக்கறவங்க கேப்பாங்க."

"கேக்கட்டுமே."

மேனேஜர் பேனாவை மூடினார். "ஆளுங்க போனா விழுற டிசைன் தப்புன்னு சொன்ன. இப்ப ஆள் சேத்து முட்டுக் கொடுக்கற."

நகராமல் நின்றேன். கடைசியில் அவர் விலையைச் சொன்னார்: சாயங்கால சமையல்காரர் வகுப்பு. நாள் முழுக்க அடுப்படியில் நின்றுவிட்டு வந்து நாற்காலியிலேயே தூங்குகிற வகுப்பு. போன வருஷமே என்னை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினார். நேரத்தை வீணடிக்க முடியாது என்று சொல்லியிருந்தேன். இப்போது எடுக்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 9

இன்று ஆபரேஷன் நடந்திருக்க வேண்டிய நாள். அக்கா காலை வகுப்பு எடுத்தார். சுவருக்கு இந்தப் பக்கம் என் வகுப்பு. அவர் ஒரு வார்த்தை சொல்வதும், இருபது பேர் திருப்பிச் சொல்வதும் வழக்கமாகக் கேட்கும். இன்று இருபது பேர் சொல்வது மட்டும் கேட்டது.

ஏப்ரல் 10

டிரைவர் அண்ணன் முடியாது என்கிறார். யார் முடியாது என்று சொன்னாலும் இவர் சொல்வார் என்று நினைக்கவில்லை.

"வேண்டாம் தம்பி. குடை வாங்கினா மழை வரும். என் மச்சினன் இன்சூரன்ஸ் போட்டான், ஆறே மாசத்துல குடல்வால் ஆபரேஷன். போடாத வரைக்கும் தனக்குக் குடல்வால் இருக்கிறதே அவனுக்குத் தெரியாது."

"இன்சூரன்ஸா அண்ணே குடல்வாலை முளைக்க வெச்சது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. முன்னாடி இல்ல, பின்னாடி இருந்துச்சு."

மார்ச் முதல் வாரமாக இருந்தால் போர்டில் படம் போட்டு விளக்கியிருப்பேன்.

ஏப்ரல் 15

மூன்று நாளாக வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து போகிறேன். குடை, மழை, மச்சினன், மச்சினனின் மாமனார் எல்லாம் ஆயிற்று. இன்று சிக்னலில் நிற்கும்போது கேட்டேன்: "உண்மையில என்னண்ணே பயம்?"

கண்ணாடியைத் திருப்பினார், திரும்பத் திருப்பினார்.

"கொஞ்ச நாளா தாகம் தம்பி. எவ்வளவு குடிச்சாலும் அடங்கல. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்குச்சு. ரத்தம் எடுத்தா சர்க்கரைன்னு எழுதிடுவான். எழுதினா மேனேஜர் சாவியை வாங்கிக்குவாரு. எழுதாத வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். பெரிய மனுஷன், என் அப்பாவைவிட நாலு வயசுதான் கம்மி, பயந்துபோய் ஒத்தையில வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கார், நான் அவரைத் தலை எண்ணிக்கிட்டு இருக்கேன்.

ஏப்ரல் 17

ஏஜென்ட் அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். குழுவில் சேர ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, நோய்க் கேள்வியும் கிடையாது. குழு என்பதன் அர்த்தமே அதுதானே என்றார். பல் தேய்த்தாயா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். தனித் திட்டத்துக்குப் போனபோது நான் கழித்துக் கட்டியது சரியாக அதைத்தான்.

டிரைவர் அண்ணனிடம் சொன்னேன். "வீட்டுல கேக்கணும்" என்றார்.

ஏப்ரல் 19

அண்ணி போனில் என்னையே கூப்பிட்டுவிட்டார். "தம்பி, அவர் குடை கதை சொல்லுவாரு, கண்டுக்காத. எங்க கையெழுத்துப் போடணுமோ அங்க கையைப் பிடிச்சு இழுத்துப் போட வை. வரலைன்னா எனக்குப் போன் பண்ணு."

போட்டார்.

அவருக்கு நல்லதுதானே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். நல்லதுதான். ஆனால் அதற்காகவா போனேன்? ஒரு ஆள் குறைந்தது, அதற்காகப் போனேன். குறையாமல் இருந்திருந்தால் அந்த மனிதருக்குத் தாகம் எடுக்கிறது என்பது எனக்கு எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது.

ஏப்ரல் 24

திட்டம் எழுந்து உட்கார்ந்துவிட்டது. பத்துப் பேர். மேனேஜர் ஸ்டாஃப் ரூமில் அறிவித்தார். இலக்கண சார் இருக்கிற இரண்டு பிஸ்கட்டில் ஒன்றை என்னிடம் நீட்டினார். நான்தான் ஓடியாடிச் சேர்த்தேன் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அக்கா தோளில் தட்டினார். "பரவால்லடா இன்ஜினியர்" என்று காற்றாகச் சொன்னார்.

பிஸ்கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திருடினவனே போலீஸோடு சேர்ந்து தேடி, கிடைத்துவிட்டது என்று பரிசு வாங்குகிற மாதிரி.

ஆஸ்பத்திரி கொடுத்த புதுத் தேதி மே 14. அதற்கு முன் இடமில்லையாம். ஐந்து வாரம் தள்ளிவிட்டேன்.

மே 3

மகளோடு அக்கா பேசுவதைக் கேட்க நேர்ந்தது. ஸ்பீக்கரில் அந்தக் குழந்தை, "யாரு பேசறது? அம்மாகிட்ட குடுங்க" என்கிறது.

மே 14

நல்லபடியாக முடிந்தது. சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நானும் டிரைவர் அண்ணனும் வெளியே பெஞ்சில் இருந்தோம். "உன்னாலதான் இவ்வளவும் நடந்துச்சு தம்பி" என்றார், நல்ல எண்ணத்தோடு. ஆமாம் என்றேன்.

மே 19

டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். கிசுகிசுப்புக்கூடக் கூடாது. வகுப்பில் மாணவர்கள் விடை எழுதிக் காட்டுகிற சின்ன வெள்ளைப் பலகை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய வகுப்புகளை நான்தான் எடுக்கிறேன், எதுவரை முடிந்தது என்று காட்டுகிற சாக்கு.

மதியம். ஜன்னல் ஓரம் ஈரத் துணி காய்கிற ஒற்றை அறை. அவர் கட்டிலில், நான் நாற்காலியில். பாடத்தைச் சொல்லி முடித்தேன். கிளம்பியிருக்கலாம். சொல்லிவிட்டேன். கிராஃப், மேனேஜர் எச்சரித்தது, தெரிந்தே இரண்டு பேரை இழுத்தது, ஐந்து வாரம், எல்லாம். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பாதியில் குரல் உடைந்தது, எனக்கு.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. பதில் பேச முடியாத ஒரு மனுஷியைப் பார்த்து நாள் குறித்து வந்து சொல்லியிருக்கிறேன். நான்தான் நேராகப் பேசுகிறவனாம். ஊரெல்லாம் அந்தப் பேர்.

அக்கா பலகையில் எழுதித் திருப்பிக் காட்டினார்.

'தெரியும். மேனேஜர் அன்னிக்கே சொல்லிட்டார்.'

"எப்ப? என்கிட்ட திட்டம் பாக்கச் சொல்லி வந்தீங்களே, அதுக்கு முன்னாடியேவா?"

கையால் துடைத்துவிட்டு எழுதினார். பேனா கீச்சென்றது.

'அதான் உன்கிட்ட வந்தேன்.'

நாற்காலிக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. அந்தக் கவரை மேஜையில் வைத்தது, ஒவ்வொரு கம்பெனியாக என்னையே பார்க்க வைத்தது, நீ என்ன பண்ணுவ பாவம் என்றது. எல்லாம் தெரிந்துகொண்டே.

"திட்டுங்கக்கா. எழுதியாவது திட்டுங்க."

தலையை ஆட்டினார். எழுதினார்: 'எழுதினா சுகம் இல்ல. குரல் வரட்டும். வெச்சுக்கறேன்.'

பிறகு கீழே சின்னதாக: 'டீ போடு. சர்க்கரை கம்மி.'

ஜூன் 2

சோதனை முடிவு: கெட்ட கட்டி இல்லை. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஜூன் 5

டிரைவர் அண்ணனை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். சர்க்கரைதான். மாத்திரை போதுமாம், வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "சாப்பாட்டு நேரத்துக்கு ட்ரிப் போடாதீங்க"ன்னு மட்டும் சொன்னார்.

அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்: "பாத்தீங்களா, குடை வாங்கின கையோட மழை. எனக்குச் சர்க்கரை கொடுத்ததே இந்தத் தம்பிதான்." சரி, அதையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். இடம் இருக்கிறது.

ஜூன் 16

அக்காவோடு டாக்டரிடம் போனேன். குரல் வந்திருக்கிறது. மெல்லியது, நூல் மாதிரி, ஒரு வாக்கியத்துக்கு நடுவில் அறுந்து அறுந்து சேர்கிறது. இதற்கு மேல் பெரிதாக வராது என்றார் டாக்டர். சத்தம் போட்டு வகுப்பு எடுக்கக் கூடாது, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பேச வேண்டும் என்று ஒரு அளவு.

நான் கேட்டேன், ஐந்து வாரம் முன்னால் செய்திருந்தால்?

டாக்டர் தோளைக் குலுக்கினார். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சொல்ல முடியாது."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய தொண்டைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு பக்கமாக விழுந்து கிடந்திருப்பேன்.

ஜூன் 18

மேனேஜர் உச்சரிப்பு வகுப்புக்கு வேறு ஆள் தேடுகிறார். விளம்பரம் எழுதி என்னிடமே பிழை பார்க்கக் கொடுத்தார். திருப்பிக் கொடுக்கவில்லை. வகுப்பு அக்காவுடையது, சத்தம் மட்டும் நான் தருகிறேன், எனக்கு அதற்குச் சம்பளம் வேண்டாம் என்றேன். "இது என்னய்யா டிசைன்?" என்றார்.

தெரியல சார், ஓட்டிப் பாப்போம்.

ஜூன் 30

அம்மா போனில்: "இன்சூரன்ஸ் உன் பேர்லதானே இருக்கு?" பத்துப் பேர் பேர்ல இருக்கும்மா என்றேன். "அப்ப உனக்கு எவ்வளவு மிஞ்சும்?" என்றாள். விளக்க வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

ஜூலை 8

இருவரும் சேர்ந்து எடுக்கிற வகுப்பு இரண்டாவது வாரம் ஓடுகிறது.

அக்கா வகுப்புக்கு நடுவில் நிற்பார். வாயை அகலமாகத் திறந்து, நாக்கு எங்கே தொட வேண்டும் என்று காட்டுவார். எந்த இடத்தில் அழுத்தம் விழ வேண்டுமோ அந்த இடத்தில் பேனாவால் மேஜையைத் தட்டுவார். உதடு அவருடையது. நான் போர்டு ஓரமாக நின்று சத்தம் கொடுப்பேன். முதல் நாள் நர்ஸுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது பழகிவிட்டது. ஒரு பெண் மட்டும் இன்னும் என்னைப் பார்க்காமல், அவர் வாயைப் பார்த்துத்தான் திருப்பிச் சொல்கிறாள். அவள்தான் வகுப்பிலேயே நன்றாகச் சொல்கிறாள்.

அக்காவின் அன்றாடப் பேச்சு அளவில் பெரும்பகுதி சாயங்காலம் மகளுக்குப் போகிறது. மிச்சம் வகுப்புக்கு. எனக்கான திட்டு இன்னும் வரவில்லை. நேற்று ஸ்டாஃப் ரூமில் தனியாக இருக்கும்போது கேட்டே விட்டேன், "அந்தப் பாக்கி?" என்று. பையில் எதையோ தேடிக்கொண்டே, விரலால் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். உன்மேல் செலவழிக்க இல்லை என்று அர்த்தமா, போனால் போகிறது என்று அர்த்தமா? கேட்கவில்லை.

இன்று 'கம்ஃபர்டபிள்' என்ற சொல். நான் சொன்னேன். பேனா மேஜையில் விழவில்லை. அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, மோவாயை உயர்த்தினார். தப்பு, மறுபடி.

மறுபடி சொன்னேன்.

இன்னொரு தடவை மோவாய் உயர்ந்தது. இருபது பேரும் காத்திருந்தார்கள். அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, இன்னொரு முறை சொன்னேன். மேஜையில் டக்கென்று கேட்டது.